ஒளித்தகட்டில் ஒரு நொடியைத் தேடி

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

ஒலியையும் காட்சியையும் பதிந்துவைத்து, வேண்டும்போதெல்லாம் மீண்டும் கேட்கவும் காணவும் வழி செய்தது அறிவியல் நமக்கு அளித்த பெருங்கொடைகளுள் ஒன்றாகும். திருமணம், திருவிழா, நாடகம், நாட்டியம், வயலில் பெண்கள் பாடிய நடவுப்பாட்டு என எத்தனையோ நிகழ்ச்சிகள் 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் டி.வி.டி. தகடுகளில் பதியப்பெற்றன. அவை இன்று நம் வீட்டு அலமாரிகளிலும் கல்லூரித் துறை நூலகங்களிலும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. தகட்டை ஓட்டும் பெட்டிகள் பல பழுதாகிவிட்டன. புதிய மடிக்கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் தகட்டைச் செருகும் வாயிலே இல்லை. எனினும், தனியே இணைக்கும் கருவியொன்றின் துணையால் தகட்டைக் கணிப்பொறியில் இட்டு, மென்பொருள் கொண்டு காண்போர் இன்றும் உள்ளனர்.

அவ்வாறு காணும்போது ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. "20ஆம் நிமிடத்திற்குச் செல்" என்று கட்டளையிடுகிறோம். மென்பொருளும் "20 நிமிடம்" என்று எண்ணைக் காட்டுகிறது. ஆனால் திரையில் ஓடுவதோ வேறோர் இடம்! சில வேளைகளில் இரண்டு வினாடி தள்ளி நிற்கிறது. சில வேளைகளில் பல நிமிடங்களே தள்ளி நிற்கிறது. இது ஏன் நேர்கிறது? இதனைச் சமாளிப்பது எவ்வாறு? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனால் என்ன குறை?

பொழுதுபோக்கிற்காகத் திரைப்படம் பார்ப்பவருக்கு இது ஒரு குறையே அன்று. சற்றுப் பின்னே தள்ளிப் பார்த்துக்கொள்வார். ஆனால் தகட்டைச் சான்றாகக் கொண்டு ஆராய்பவருக்கு இது பெருங்குறையாகும். முதுகலைத் தமிழ் பயிலும் என் தோழி ஒருவர், அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பதிவான நடவுப்பாட்டுத் தகடு ஒன்றைத் தம் திட்டக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அடியையும் ஏட்டில் எழுதி, அது தகட்டில் வரும் நேரத்தையும் குறித்துவைத்தார். நெறியாளர் தம் அறையிலிருந்த கணிப்பொறியில் அதே தகட்டை இட்டு, குறித்திருந்த நேரத்திற்குச் சென்று பார்த்தபோது, அங்கே அந்த அடி இல்லை. வேறோர் அடி ஒலித்தது. இல்லாத அடியை எழுதிவிட்டாரோ என்ற ஐயம் எழுந்தது. தோழியின் ஏட்டிலும் பிழையில்லை, தகட்டிலும் பிழையில்லை. இரு கணிப்பொறிகளிலும் இருந்த மென்பொருள்கள் வெவ்வேறு. அவை தேடிச் சென்ற முறையும் வெவ்வேறு.

பாட்டிலாவது ஓர் அடி சில வினாடிகள் நீடிக்கும். நாட்டியத்தில் ஒரு முத்திரை அரை வினாடியில் மறைந்துவிடும். நம் மாவட்டத்து விராலிமலை, சதிராட்டத்திற்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்ச் சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றதை நாம் அறிவோம். இத்தகைய கலைகளின் பதிவை வைத்துக்கொண்டு, எந்தத் தாளத்தில் கை எங்கே நின்றது என்று குறிக்க முற்படுபவருக்கு, குறித்த நொடியில் சென்று நிற்க முடிவது இன்றியமையாதது.

பழைய தகடுகளின் துல்லியம்

வியப்பு என்னவெனில், பழைய தகடுகளில் இக்குறை இல்லை. 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர் டிஸ்க் என்னும் பெரிய படத்தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு வகையில், தகடு ஒருமுறை சுற்றினால் ஒரு படம் என்ற கணக்கு உண்டு. வினாடிக்கு 25 படங்கள் ஓடும் முறையில், தகடு நிமிடத்திற்கு 1,500 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் 54,000 படங்கள் அடங்கும். ஒவ்வொரு படத்திற்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னால், அந்தப் படத்திலேயே சென்று நிற்கும்.

அடுத்து, 1993இல் வரையறுக்கப்பெற்ற வி.சி.டி. நம் நாட்டில் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைத்த தகடு இதுவே. இதில் காட்சி சுருக்கப்பட்டிருந்தாலும், சுருக்கிய அளவு சீரானது; ஒரு வினாடிக்கு 75 பகுதிகள் என்று தகடு முழுவதும் ஒரே கணக்கு. எனவே 20ஆம் நிமிடம் எங்கே என்று கேட்டால், 20 × 60 × 75 = 90,000ஆம் பகுதி என்று பள்ளி மாணவனும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். நேரமும் இடமும் இணைபிரியாமல் இருந்தன.

1996இல் ஜப்பானில் அறிமுகமான டி.வி.டி.யில்தான் இந்த இணைப்பு அறுந்தது. இதில் காட்சியின் தன்மைக்கேற்ப அளவு மாறும். அசையாத காட்சிக்குச் சிறிது இடம். ஆட்டமும் ஓட்டமும் நிறைந்த காட்சிக்கு மிகுந்த இடம். இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நல்ல முறைதான் இது. ஆனால் "இத்தனையாவது நிமிடம் தகட்டில் இன்ன இடம்" என்று பெருக்கிச் சொல்லும் வசதி போய்விட்டது.

சுருக்கத்தின் விலை

காட்சியை ஏன் சுருக்க வேண்டும்? நம் நாட்டு டி.வி.டி.யில் ஒரு படம் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள் கொண்டது. நிறத்தைச் சற்றுக் குறைத்துப் பதிந்தாலும் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 6,22,000 பைட்டுகள் தேவை. வினாடிக்கு 25 படங்கள் எனில் ஒன்றரைக் கோடிப் பைட்டுகளுக்கு மேல். 470 கோடிப் பைட்டுகள் கொள்ளும் தகடு ஐந்தே நிமிடங்களில் நிரம்பிவிடும்! மூன்று மணி நேரப் படத்தை அதில் அடக்குவது எப்படி?

அதற்கு ஓர் உபாயம் கண்டனர். அடுத்தடுத்த படங்களுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. பாடுபவரின் உதடும் கையும் அசைகின்றன. பின்னால் இருக்கும் சுவர் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரு படத்தை முழுமையாகப் பதிந்துவிட்டு, அடுத்து வருபவற்றிற்கு "முன்னதிலிருந்து இன்னது மாறியது" என்ற குறிப்பை மட்டும் பதிந்தால் போதும். முதலாவதை முழுப்படம் என்றும், மற்றவற்றை மாறுதல் படங்கள் என்றும் அழைப்போம். மாறுதல் படங்களுள் சில முன்னே உள்ள படத்தை மட்டும் நம்பியிருப்பவை. வேறு சில, முன்னும் பின்னும் உள்ள இரு படங்களையும் நம்பியிருப்பவை.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். முழுப்படத்திலிருந்து மட்டுமே காட்சியைத் தொடங்க முடியும். மாறுதல் படத்தில் நேரே குதித்தால், எதிலிருந்து மாறியது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. திரையில் கட்டம் கட்டமாகக் குழம்பிய வண்ணங்களே தோன்றும்.

திருச்சிப் பேருந்தில் ஒரு கணக்கு

இதனை நமக்குப் பழக்கமான புதுக்கோட்டை – திருச்சிச் சாலையைக் கொண்டு விளக்கலாம். நார்த்தாமலை, கீரனூர், மாத்தூர் என்று வழியில் நிறுத்தங்கள் உள்ளன. நாம் போகவேண்டிய வீடோ இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே உள்ளது. பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்கும். ஆகவே வீட்டிற்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி, மீதித் தொலைவை நடந்தே கடக்க வேண்டும். முழுப்படங்களே நிறுத்தங்கள், அங்கிருந்து ஒவ்வொரு மாறுதல் படமாக விரித்துக்கொண்டு செல்வதே நடை. சில மென்பொருள்கள் விரைவைக் கருதி, நிறுத்தத்தில் இறங்கியதோடு நின்றுவிடுகின்றன. சில மட்டுமே வீடுவரை நடக்கின்றன.

மற்றொன்று: புறப்பட்டு அரை மணி ஆயிற்று, மொத்தப் பயணம் ஒரு மணி, ஆகவே பாதி வழி வந்திருப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் சரியாகுமா? ஊருக்குள் பேருந்து ஊர்ந்திருக்கும், புறவழியில் பறந்திருக்கும். வழியோரக் கல்லைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டி.வி.டி.யிலும் அத்தகைய கற்கள் உண்டு. தகட்டின் காட்சி ஏறத்தாழ அரை வினாடி முதல் ஒரு வினாடி வரையுள்ள சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் வழிகாட்டிக் குறிப்பு ஒன்று உண்டு. முன்னும் பின்னும் 120 வினாடிகள் வரை எந்தெந்தத் துண்டு எங்கே உள்ளது என்று அது சொல்லும். அன்றியும், நேரத்தையும் இடத்தையும் இணைக்கும் அட்டவணை ஒன்றையும் தகட்டில் தனியே பதியலாம். ஆனால் எல்லாத் தகட்டிலும் இந்த அட்டவணை இருப்பதில்லை. எல்லா மென்பொருளும் அதைப் படிப்பதும் இல்லை.

பிழைகள் மூவகை

ஆராய்ந்து பார்த்தால், தேடலில் நேரும் பிழைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஊகப் பிழை. அட்டவணையைப் பாராமல் விகிதம் போடுவதால் வருவது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு மணி நேர விழாத் தகடு. முதல் அரை மணி மேடைப் பேச்சு; அதற்கு வினாடிக்கு 30 லட்சம் பிட்டுகள் போதும். பின் அரை மணி கரகாட்டம்; அதற்கு வினாடிக்கு 60 லட்சம் பிட்டுகள். பேச்சின் அளவு 67.5 கோடிப் பைட்டுகள்; ஆட்டத்தின் அளவு 135 கோடி; மொத்தம் 202.5 கோடி. இப்போது 20ஆம் நிமிடத்தைக் கேட்கிறோம். 60இல் 20 என்பது மூன்றில் ஒரு பங்கு. மென்பொருள் 202.5 கோடியில் மூன்றில் ஒரு பங்காகிய 67.5 கோடியாவது பைட்டுக்குத் தாவுகிறது. அது எந்த இடம்? பேச்சு முடிந்து கரகாட்டம் தொடங்கும் 30ஆம் நிமிடம்! பத்து நிமிடம் பிழை. நல்ல மென்பொருள், தாவிய இடத்திலுள்ள நேரக்குறியைப் படித்து, "அதிகம் வந்துவிட்டோம்" என்று உணர்ந்து, மீண்டும் மீண்டும் தாவிச் சரியான இடத்தை நெருங்கும். அவ்வாறு செய்யாத மென்பொருள், தாவிய இடத்திற்கே "20 நிமிடம்" என்று பெயரிட்டுவிடும்.

இரண்டாவது, கடிகாரப் பிழை. தகட்டிலுள்ள நேரக்குறி, வினாடியை 90,000 கூறாக்கி எண்ணும் நுட்பமான கடிகாரம். ஆனால் தகட்டைத் தொகுத்தவர் பல துண்டுகளை ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்தில் இக்கடிகாரம் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கக்கூடும். மாவட்ட எல்லையில் கல்லின் எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவதைப் போன்றது இது. அப்போது குறியைப் படித்துத் திருத்திக்கொள்ளும் மென்பொருளும் ஏமாந்துவிடும்.

மூன்றாவது, நிறுத்தப் பிழை. முழுப்படத்தில் இறங்கி நின்றுவிடுவதால் வருவது. நம் நாட்டு முறை டி.வி.டி.யில் ஒரு முழுப்படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 15 படங்களுக்கு மேல் செல்லக்கூடாது என்பது விதி. ஆகவே இப்பிழை 0.6 வினாடியைத் தாண்டாது. ஆனால் தகட்டைச் சுருக்கி எம்.பி.4 கோப்பாக மாற்றினால் நிலைமை வேறு. அதற்குப் பெரிதும் பயன்படும் எக்ஸ்264 என்னும் குறியாக்கி, நாம் வேறு சொல்லாதவரை, 250 படங்கள் வரை முழுப்படம் இன்றியே செல்லும். அதாவது பத்து வினாடி! காட்சி மாறும் இடங்களில் அது தானாகவே முழுப்படம் இடுவதால் திரைப்படத்தில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரே இடத்தில் படப்பெட்டியை நிறுத்தி, ஒருவர் பாடுவதையோ ஆடுவதையோ தொடர்ந்து எடுத்த பதிவில் காட்சி மாற்றமே இல்லை. நாம் காக்க விரும்பும் நாட்டார் கலைப் பதிவுகள் பெரும்பாலும் இவ்வகையினவே. நகலெடுக்கும்போது மிகுதியாகப் பாதிக்கப்படுபவையும் இவையே என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எந்தப் பிழை என்று அறிவது எப்படி?

சோதனை எளிது. தகட்டின் நடுப்பகுதியில் தெளிவான ஓர் ஒலியைத் தேர்ந்துகொள்க. ஒரு கைத்தட்டல், ஒரு பாட்டின் முதற்சொல், ஏதேனும் ஒன்று. முதலில் தகட்டைத் தொடக்கத்திலிருந்து தடையின்றி ஓடவிட்டு, அவ்வொலி கேட்கும்போது காட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்க. பிறகு முன்னிருந்து ஒருமுறையும் பின்னிருந்து ஒருமுறையும் அதன் அருகே தாவி, அவ்வொலி வரும்வரை காத்திருந்து, நேரத்தைக் குறித்துக்கொள்க. மூன்று எண்களும் ஒன்றாயின் நேரம் காட்டுவது நம்பத்தக்கது. தாவும்போது சில வினாடி தள்ளி நின்றாலும் அது வெறும் நிறுத்தப் பிழையே. எண்கள் மாறுபடுமாயின் அது ஊகமோ கடிகாரமோ செய்யும் வேலை. அந்த மென்பொருள் காட்டும் நேரத்தை ஏட்டில் எழுதுவது வீண்.

சமாளிக்கும் வழிகள்

முதல் வழி, முன்னே இறங்கி நடப்பது. வேண்டிய இடத்திற்குப் பத்துப் பதினைந்து வினாடி முன்பாகத் தாவி, அங்கிருந்து ஓடவிட்டுச் சேர வேண்டும். நிறுத்தப் பிழைக்கு இதுவே போதிய மருந்து.

இரண்டாவது, தகட்டைத் தகடாகவே திறப்பது. பலர் தகட்டினுள் நுழைந்து, அங்குள்ள வி.ஓ.பி. கோப்புகளுள் ஒன்றைச் சொடுக்கிப் பார்க்கின்றனர். ஒரே நிகழ்ச்சி ஒரு ஜி.பி. அளவுக்கு ஒன்றாக வெட்டப்பட்டுப் பல கோப்புகளாகக் கிடக்கும். அவற்றுள் ஒன்றைத் தனியே திறந்தால் அட்டவணையும் அத்தியாயப் பகுப்பும் மென்பொருளுக்குக் கிடைப்பதில்லை. ஊகம் ஒன்றே கதி. "டிஸ்க்கைத் திற" என்ற கட்டளையால் முழுத்தகட்டையும் திறந்தால் பாதித் தொல்லை தீரும். அத்தியாயத் தொடக்கங்களின் இடம் தகட்டிலேயே எழுதப்பட்டிருப்பதால், முதலில் அத்தியாயத்திற்குத் தாவி, அங்கிருந்து நகர்வது நன்று.

மூன்றாவது, மென்பொருளின் அமைப்பை மாற்றுவது. பலரும் பயன்படுத்தும் வி.எல்.சி.யின் முழு விருப்பப் பட்டியலில் "ஃபாஸ்ட் சீக்" என்ற ஒன்று உண்டு. துல்லியத்தைவிட விரைவே பெரிது என்பது அதன் பொருள். அது தேர்வாகியிருந்தால் நீக்கிவிட வேண்டும். எம்.பி.வி. என்னும் மென்பொருளில் ஷிப்ட் விசையோடு அம்புக்குறி விசையை அழுத்தினால், முழுப்படத்தோடு நின்றுவிடாமல் துல்லியமாக ஒவ்வொரு வினாடியாக நகரலாம். ஒவ்வொரு படமாக நகர்த்த வி.எல்.சி.யில் ஈ விசையும், எம்.பி.வி.யில் முற்றுப்புள்ளி விசையும் உதவும்.

நான்காவது, உறையை மாற்றுவது. நம் சொந்தப் பதிவாயின், மேக்எம்கேவி போன்ற கருவியால் தகட்டின் உள்ளடக்கத்தை மட்ரோஸ்கா என்னும் உறைக்குள் மாற்றிவைக்கலாம். காட்சியை மீண்டும் சுருக்குவதில்லை. எனவே தரம் ஒரு சிறிதும் குறையாது. துண்டு துண்டாகக் கிடந்தவை ஒரே கோப்பாகி, கடிகாரமும் தொடக்கத்திலிருந்து ஒரே சீராக ஓடும். எந்த நேரம் எந்த இடம் என்ற அட்டவணையும் கோப்பினுள் எழுதப்பட்டுவிடும். ஊகப் பிழை, கடிகாரப் பிழை இரண்டிற்கும் இதுவே சிறந்த தீர்வு. என் தோழிக்கும் இதைத்தான் செய்து கொடுத்தோம். புதிய கோப்பில் நேரங்களை மறுபடி குறித்து, அந்தக் கோப்பையே ஏட்டோடு இணைத்துக் கொடுத்தார். குறித்த இடத்தில் குறித்த அடி ஒலித்தது.

ஐந்தாவது, எல்லாவற்றையும் முழுப்படமாக்குவது. முத்திரைகளைப் படம் படமாக ஆராயவேண்டிய ஒரு நிமிட, இரு நிமிடப் பகுதிகளை மட்டும் எஃப்.எஃப்.எம்.பெக் கொண்டு வெட்டி, ஒவ்வொன்றும் முழுப்படமாக இருக்குமாறு மாற்றலாம். கோப்பின் அளவு பன்மடங்கு பெருகும். மீண்டும் சுருக்குவதால் தரமும் சிறிது குறையும். ஆகவே மூலத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, ஆய்வுக்கான பகுதிக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

குறிப்பெடுப்போர் கவனத்திற்கு

கருவிகள் எவ்வளவு திருந்தினாலும், குறிப்பெடுக்கும் முறையும் திருந்த வேண்டும். நேரத்தை மட்டும் எழுதுவது போதாது. எந்தத் தகடு, எத்தனையாவது அத்தியாயம், அவ்விடத்தில் ஒலிக்கும் முதற்சொல் எது, எந்த மென்பொருளில் பார்த்தது என்ற நான்கையும் சேர்த்து எழுதினால், யார் எந்தக் கருவியில் தேடினாலும் இடம் கிடைக்கும். நேரம் தவறினாலும் சொல் தவறாது.

முடிவுரை

பதியத்தக்க தகடுகளில் உள்ள சாயம் நாளடைவில் மங்கக்கூடியது. கீறலும் வெயிலும் ஈரமும் அதனை விரைவுபடுத்தும். அலமாரித் தகடுகளைக் கோப்பாக மாற்றும் பணியை இனியும் தள்ளிப்போடுவதற்கில்லை. ஆனால் இடம் மிச்சம் என்று எண்ணி, கண்டபடி சுருக்கி மாற்றிவிட்டுத் தகட்டைக் குப்பையில் எறிந்துவிட்டால், அரை வினாடித் துல்லியம் பத்து வினாடியாகத் தேய்ந்துபோகும். பின்னர் அதனை மீட்க இயலாது. முதலில் மீண்டும் சுருக்காமல் உறையை மட்டும் மாற்றி ஒரு படி எடுத்துவைப்போம். கைப்பேசியில் காண்பதற்குச் சுருக்கிய படி வேண்டுமாயின், அதிலிருந்து எடுத்துக்கொள்வோம். நடவு நட்டுக்கொண்டே பாடியவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் பாடிய அடி எங்கே இருக்கிறது என்று நாளைய மாணவர் தேடும்போது, அது குறித்த இடத்திலேயே கிடைக்கச் செய்வது இன்று கணிப்பொறி பயிலும் நம் கடமையாகும்.